பாசி இல்லாத தொட்டி

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பத்தொரு வருஷமாக அதே வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. வங்கியில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பார். ஊருக்கெல்லாம் அவர் தொட்டிக்காரர்தான். பள்ளிக்கூடத் தொட்டி, ஆஸ்பத்திரித் தொட்டி, பத்து மாடிக் குடியிருப்பின் சிமென்ட்டுத் தொட்டி என்று எல்லாவற்றிலும் இறங்கி ஏறியிருக்கிறார். மூடியைத் தூக்கி மூக்கை நீட்டினாலே போதும், “கழுவி ரெண்டு வருஷம் ஆச்சு, உள்ள ஒரு பல்லி கிடக்கு” என்பார். உள்ளே பல்லி கிடக்கும்.

இவ்வளவு வருஷத்தில் அவர் கரைத்துக் குடித்த பாடம் ஒன்றுதான். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

“வெளிச்சம்தான் பாசிக்குச் சோறு. மூடி ஒழுங்கா இருந்தா பாசி பட்டினி கிடந்து சாகும். அதனாலதான் தொட்டியக் கறுப்பா செய்யறான். நீங்க என்னடான்னா மூடியில ஓட்டையை வச்சுக்கிட்டு என்னைத் திட்டறீங்க.”

அது உண்மைதான். பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் வீட்டில் ஒரு தொட்டி இருந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, மனைவியுடையது. அவள் பதினெட்டு வருஷம் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துவது, தளர்ந்த திருகை முடுக்குவது, மூக்கில் பதியும் இடத்தைச் சரிசெய்வது எல்லாம் அவள் கையில்தான். கடைக்கு ஆள் வரட்டுமென்று முதலாளி வாசலோரம் ஒரு ஆமைக்குஞ்சை வாங்கி வைத்திருந்தார். நாள் முழுக்கக் கல்மேல் ஏறி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும். ஒரு வேலையும் செய்யாது. அதனால் கடைப்பெண்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். உண்மையான மேனேஜருக்கு அது கடைசிவரை தெரியாது. கடையை மூடியபோது நாற்காலிக்கும் மேசைக்கும் ஆள் வந்தார்கள், ஆமைக்கு யாரும் வரவில்லை. அவள் டிபன் பையைக் காலிசெய்து, அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தொட்டியைத் தன் படுக்கையறை ஜன்னலோரம் வைத்தாள். ஒரு தட்டைக் கல், ஒரு வடிகட்டி, மேலே கவ்வி மாட்டிய இரண்டு பல்பு. ஒன்று சூட்டுக்கு. இன்னொன்றுக்கு வெயில் பல்பு என்று பெயர் சொன்னாள். “ரெண்டு எதுக்கு? ஒண்ணு பத்தாதா?” என்று அவர் கேட்டார். அவள் விளக்கமாகத்தான் சொன்னாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே ‘ம்’ கொட்டினார்.

“வெளியில இருக்கற தொட்டியெல்லாம் என் பொறுப்பு. இது ஒண்ணு உன் பொறுப்பு” என்று அதோடு முடித்துக்கொண்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பேசிப் பேசித் தீர்த்து, பேசாமலே இருக்கப் பழகி வெகுநாள் ஆயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேனேஜரைப் பற்றி ஏதாவது சொல்வாள், அவர் தொட்டிக்குள் கிடைத்த செருப்பு, கரண்டி, பொம்மையைப் பற்றிச் சொல்வார். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அவள் வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். பஞ்சு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியபோது வலது கையும் காலும் துவண்டு கிடந்தன, பேச்சு போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது: அப்புறம். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், கோபம் வந்தாலும் அப்புறம். முதல்முறை கேட்டபோது அவர், “அப்புறம் என்னம்மா, சொல்லு” என்று காத்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் அதையே சொல்லிவிட்டு அழுதாள்.

செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். வந்த முதல் நாளே அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், கட் அண்ட் ரைட்டாகச் சொன்னாள்.

“ஐயா, அம்மாவுக்கு உள்ள எல்லாம் புரியுது. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. இப்போதைக்கு அந்த இடது கைதான் அவங்க வாய். கை எங்க காட்டுதுன்னு பாருங்க. அவங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்தது சொல்லத் தோணும். முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்துடணும்.”

“புரியலன்னா?”

“புரியற வரைக்கும் கேளுங்க.”

அவர் கேட்டார். காலையில் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம், சாயங்காலம் வந்த பிறகு இரண்டு மணி நேரம். தண்ணியா, தலையணையா, கால் வலிக்குதா என்று அடுக்குவார். அவள் கையை மேலும் கீழும் ஆட்டுவாள், அப்புறம் அப்புறம் என்பாள், இரண்டு பேருமே களைத்துப்போவார்கள். ஒன்பதாவது நாள் அவள் இடது கை தொட்டிக்கு மேல் அலமாரியில் இருந்த டப்பாவைக் காட்டியது. காய்ந்த இறால் இருந்த டப்பா, மேனேஜரின் தீனி.

“இதுவா? மேனேஜருக்குப் போடணுமா?”

அவள் கை சட்டென்று நின்றது. முகம் மலர்ந்தது. அவர் டப்பாவைத் திறந்து நாலு இறாலைப் போட்டார். ஆமை வாயைத் திறந்து கவ்வியது. அவள் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் சிரித்தாள். மறுநாள் தொட்டிக்குள் இறங்கியவர் வேலையை விட்டுவிட்டு இதையே மூன்று தரம் சொன்னார். மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் கூட்டாளி நெட்டை, ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷன், வாய்த்துடுக்கும் அதே உயரம்.

“ஆமை நுழைஞ்ச வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க. உனக்கு என்னடான்னா ஆமைதான் பேச்சே சொல்லிக்குடுக்குது” என்றார் நெட்டை.

“எங்க வீட்டுக்கு அது நுழையல. என் பொண்டாட்டி டிபன் பையில தூக்கிட்டு வந்தா. தூக்கிட்டு வந்தா அந்தக் கணக்குல வராது” என்று உள்ளேயிருந்து குரல் எதிரொலித்தது.

அதிலிருந்து அவள் டப்பாவைக் காட்டும்போதெல்லாம் அவர் தீனி போட்டார். காலையில் இரண்டு தரம், சாயங்காலம் நாலு தரம். பகலில் சாப்பாடு ஊட்ட வரும் மாடி வீட்டுப் பெண்ணும் காட்டியபோதெல்லாம் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு தரம் போட வேண்டியதை ஏழு தரம் போட்டார்கள். அவளுக்கு அது பேச்சு. அவருக்கு அது பதில். ஆமைக்கு மட்டும்தான் அது சாப்பாடு, அதற்கு வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் இல்லை. மிச்சம் இறால் கல்லுக்கடியில் ஊறி அழுகியது. ஜன்னல் வழியே காலை வெயில் விழுந்தது. மூன்றாவது வாரம் தொட்டி பச்சையாகிவிட்டது.

லேசான பச்சை அல்ல. கண்ணாடியில் வழவழவென்று ஒரு படலம், கல்லில் தாடி மாதிரி இழை, தண்ணீரோ இலையை அரைத்துக் கரைத்ததுபோல. மேனேஜர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. எப்போதாவது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு நகம் தெரியும். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். கை காட்டினாள். டப்பாவா என்றால் இல்லை. அவருக்கு எதுவும் புலப்படாமல் போகவே, அவள் இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீச்சர் வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஊர்த் தொட்டியையெல்லாம் கழுவுகிறவன் வீட்டில் பாசி. அவருக்கு மானம் போனதுபோல் இருந்தது. மானத்தைக்கூட விடலாம், அவள் திரும்பிப் படுத்துக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கச்சையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினார். நாலு நாளில் திரும்ப வந்தது. தண்ணீர் முழுவதையும் இறைத்துப் புதுத்தண்ணீர் விட்டார். ஒரு வாரத்தில் அதுவும் பச்சையானது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினார்; தண்ணீர் பச்சையோடு கலங்கலும் சேர்ந்து நாறியது. பாசியைத் தின்னட்டுமென்று நத்தை வாங்கி விட்டார். பாசியை நத்தை தின்னுமுன் நத்தையை மேனேஜர் தின்றுவிட்டது. மீன் கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியைக் கையில் திணித்தார்.

“ரெண்டு மூடி ஊத்துங்க, நாளைக்கே கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

“அந்தத் தண்ணியத்தான் அது குடிக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். விஷத்தைத் தொடாமல் ஜெயிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். அதில் அவர் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது.

வழி தெரிந்திருந்தும் வெளியில் தேடிக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு நாள் தொட்டிக்குள் நின்றபடி அவருக்கே சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷமாக ஊருக்குச் சொன்ன வைத்தியம். அன்று சாயங்காலமே பல்பு இரண்டையும் கழற்றிப் பரணில் போட்டார். தொட்டியின் மூன்று பக்கமும் மேலேயும் கறுப்பு பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒட்டினார். படுக்கையைப் பார்த்த பக்கம் மட்டும் மடித்துத் திறக்கிறமாதிரி விட்டார். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஓரங்களை ஊசி வைத்து இறுக்கினார். அறை பட்டப்பகலில் அந்தியானது.

“பத்து நாள் பொறுத்துக்கம்மா. அப்புறம் பாரு, மேனேஜர் முகத்துல மருவு இருந்தாக்கூடத் தெரியும்.”

அவள் கையைத் தூக்கினாள். ஜன்னல் பக்கம் காட்டினாள். “அப்புறம்” என்றாள்.

“ஆமா, அப்புறம் திறந்துடலாம்” என்றார் அவர்.

பத்து நாளில் பச்சை வெளுத்தது. இருபதாவது நாள் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய தொழிலில் இப்படி ஒரு தெளிவை அவரே பார்த்ததில்லை. தொட்டிக்குள் இறங்கும்போது நெற்றியில் மாட்டும் விளக்கை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் தாளை மடித்து அவளுக்குக் காட்டினார். நெற்றி வெளிச்சத்தில் மேனேஜர் ஒவ்வொரு கோடும் தெரிய மிதந்தது. காட்டி முடித்ததும் தாளை இறக்கிவிடுவார். திரையைத் திறந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் திறந்தால் பாசி திரும்ப வருமே என்ற பயம். ஜெயித்ததை யார் விட்டுக்கொடுப்பார்?

திரை போட்ட மறுநாளே டீச்சர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தாள். காலில் கம்பி வைத்து மூன்று மாதம் படுக்கை. போனில், “கையைப் பாருங்க ஐயா, கையை விட்டுடாதீங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் பார்த்தார். பார்க்காமல் இல்லை.

தாளை மடித்ததும் அவள் கை எழும். தொட்டிக்கு மேல், காலியாகத் தொங்கும் கவ்வியைக் காட்டும். பிறகு ஜன்னலைக் காட்டும். மறுபடி கவ்வி, மறுபடி ஜன்னல். ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூரை விளக்கு அவள் கண்ணைக் கூசச்செய்தது. நர்ஸ் நெற்றியில் துணி போட்டு மறைத்தாள். அது அவர் மனதில் பதிந்திருந்தது. “கண்ணு கூசுதா?” என்று கேட்டு, நெற்றி விளக்கைத் தணிப்பார். திரையின் ஓரத்தை இன்னும் இறுக்குவார். அவள் உள்ளங்கையால் கட்டிலின் இரும்பை அடிப்பாள். தண்ணியா? சிறுநீரா? முதுகு வலியா? எல்லாவற்றுக்கும் அவள் தலையைத் திருப்புவாள். ஊமை கண்ட கனவு என்பார்களே, அதைவிட மோசம் அது. அவள் கனவு காணவில்லை. கண்ணெதிரே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் அவர் கட்டிலோரம் குனிந்தபோது, அவள் அவர் நெற்றியிலிருந்த விளக்கைப் பட்டென்று பிடுங்கினாள். இடது கையால் அதை நீட்டி, ஆமையின் முதுகுக்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே அவரைப் பார்த்தாள். அவர் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. “அப்புறம்” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஐந்து நிமிஷம் இருக்கும். கை துவண்டு விளக்கு போர்வைமேல் விழுந்தது.

அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. “வெளாட்டப் பாரு இவளுக்கு” என்று வாய்விட்டுச் சிரித்தார். அவள் விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். மறுநாள் நெட்டையிடமும் சொன்னார்.

“விளக்கப் புடுங்கி மேனேஜருக்கு டார்ச் அடிக்கிறா. தேறிட்டு வர்றா.”

“தேறட்டும்” என்றார் நெட்டை, கயிற்றைச் சுற்றிக்கொண்டே.

மாடி வீட்டுப் பெண்தான் ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டாள். “ஏண்ணே, ரூம இப்படி இருட்டடிச்சு வச்சிருக்கீங்க? எனக்கே உள்ள வந்தா தூக்கம் சொக்குது. அக்காவுக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னு தெரிய வேணாமா?”

“தூங்கட்டும்மா. தூங்குனாத்தான் உடம்பு தேறும்” என்றார். பிறகு பாசியைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கால் மணி நேரம் சொன்னார். அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் மாதம் கை எழுவது குறைந்தது. நாளுக்கு நாலைந்து தரம் இருந்தது ஒன்றாயிற்று, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்றாயிற்று. டப்பாவையும் அவள் காட்டுவதில்லை. ஆமையும் முன்போல் சாப்பிடுவதில்லை. கல்மேல் ஏறுவதும் இல்லை, அடியில் ஒரு மூலையில் கிடந்தது. எல்லாம் அடங்கி அமைதியாகிவிட்டது என்று அவர் நினைத்தார். தண்ணீர் மட்டும் பளிங்காக இருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து அவர் பூரித்த பூரிப்பை இன்று நினைத்தால் அவருக்கே தன் கன்னத்தில் அறையத் தோன்றும்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் தடியூன்றிக்கொண்டு வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினாள். கட்டிலருகே உட்கார்ந்து படப் பலகையை விரித்தாள். தண்ணீர், சோறு, கழிப்பறை, ஜன்னல், மனிதர்கள் என்று கட்டம் கட்டமாகப் படம்.

“அம்மா, என்ன வேணும்னு காட்டுங்க பார்ப்போம்.”

அவள் பலகையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். இடது கை மடியில் கிடந்தது. டீச்சர் கேட்டாள், கெஞ்சினாள், வேடிக்கை செய்தாள். கை எழவில்லை. அந்த ‘அப்புறம்’ கூட வரவில்லை. மாடி வீட்டுப் பெண், அதைக் கேட்டே பத்து நாள் ஆயிற்றே என்றாள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மாவுக்குப் பிடிச்சது ஏதாவது கையில குடுங்க. மேனேஜரக் கொண்டாங்க” என்றாள் டீச்சர். அவர் ஆமையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவளுடைய மடியில் வைக்கப்போன டீச்சர் பாதியில் நின்றாள். கட்டைவிரலை ஓட்டின்மேல் வைத்து அழுத்தினாள். ஓடு ஈர அட்டைபோல் அமுங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது.

“ஐயா, ஆமை ஓடு இப்படி மெத்துன்னா இருக்கும்?”

அவர் அழுத்திப் பார்த்தார். அவருக்கும் அமுங்கியது. மனைவி அந்த ஓட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். ஆச்சரியமோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தை யாரோ புதிதாகச் சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தாள்.

கால்நடை மருத்துவர் நாயும் பூனையும் நிறைந்த அறையில் ஆமையை மேசைமேல் வைத்து, நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

“வெயில் படுதா இதுக்கு?”

“இல்லிங்க.”

“அதுக்குன்னு ஒரு பல்பு இருக்குமே?”

“இருந்துச்சு. ரெண்டு இருந்துச்சு. பாசி வருதுன்னு கழட்டிட்டேன்.”

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “ஓடுங்கறது எலும்பு மாதிரி. வெயில் பட்டாத்தான் சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து அதுல சேரும். இல்லாட்டி உடம்பு ஓட்டுல இருக்கறதையும் உறிஞ்சிரும். பாசி இதை ஒண்ணும் பண்ணாது ஐயா. கண்ணாடிய வாரம் ஒரு தடவ தேச்சு விடுங்க, தீனிய ஒரு வேளையாக் குறைங்க, பாதித் தண்ணிய மாத்துங்க. கொஞ்சம் பச்சை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

“பொழைக்குமா?”

“காலைல சாயங்காலம் வெயில் காட்டி, நான் தர்ற மருந்தக் குடுத்துப் பாருங்க. மாசக்கணக்குல ஆகும். கெட்டியாகலாம். கோணலாத்தான் ஆகும்.” பிறகு, நோயாளி வீட்டாரைக் கடிந்துகொள்கிற குரலில் கேட்டார்: “இவ்வளவு நாள் இருட்டுல வச்சிருந்தீங்களே, வீட்ல யாரும் உங்ககிட்ட சொல்லலையா?”

அவர் ஆமையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“சொன்னாங்க” என்றார்.

சொன்னாள். கவ்வியைக் காட்டிச் சொன்னாள், ஜன்னலைக் காட்டிச் சொன்னாள், இரும்பில் அடித்துச் சொன்னாள், விளக்கைப் பிடுங்கி ஓட்டின்மேலேயே பிடித்துச் சொன்னாள். இதைவிட ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரில் யாரையாவது சொன்னால் அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அவள் விளக்கைப் பிடித்தபோதும் அப்படிச் சிரித்தது நினைவுக்கு வந்ததும், மருத்துவமனை வாசலில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நாயைக் கூட்டி வந்த ஒரு அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து திரையைக் கம்பியோடு பிடுங்கி எறிந்தார். பரணிலிருந்து பல்பை இறக்கினார். வெயில் பல்பு உடைந்திருந்தது. ஓடிப்போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினார். கறுப்புத் தாளைக் கிழித்தார். அறைக்குள் மூன்று மாதம் கழித்து வெளிச்சம் வந்தபோது அவள் முகம் அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு வெளுத்து, அவ்வளவு ஒடுங்கிப் போயிருந்தது. பாசிக்கு மட்டுமா அவர் வெளிச்சத்தை நிறுத்தினார்? அவர் கட்டிலோரம் மண்டியிட்டார்.

“நீ சொன்னது இதைத்தானம்மா? எனக்குத்தான் மண்டையில ஏறல. இப்பப் புரிஞ்சுடுச்சு. பாரு, போட்டுட்டேன். இனிமே நீ காட்டறது எல்லாம் எனக்குப் புரியும். இன்னொரு தடவ காட்டு.”

அவள் கூசிய கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவளுடைய இடது கையைத் தன் கையால் தூக்கிப் பல்பு இருக்கும் பக்கம் நீட்டினார். விட்டதும் அது படுக்கையில் விழுந்தது. அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை என்று மறுவாரம் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சோதித்துச் சொன்னார். போர்வையை இழுத்துக்கொள்ளும், மூக்கைச் சொறியும்.

டீச்சர் இன்னும் இரண்டு மாதம் வந்தாள். கடைசி நாள் வாசலில் தடியில்லாமல் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“இனிமே வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா இப்ப வராதது அவங்களுக்கு முடியாததால இல்ல. சொல்ல வேணாம்னு ஆயிடுச்சு அவங்களுக்கு.”

“நான் என்ன செய்யணும்?”

“இருங்க. பக்கத்துல இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேனேஜர் பிழைத்துக்கொண்டது. ஓடு வலதுபக்கம் கொஞ்சம் தூக்கி, கோணலாக இறுகியது. மறுபடி கல்மேல் ஏறிக் கழுத்தை நீட்டி மேற்பார்வை பார்க்கிறது. தொட்டியில் பாசியும் வந்துவிட்டது. படுக்கைப்பக்கக் கண்ணாடியை மட்டும் அவர் வாராவாரம் சுரண்டிவிடுகிறார். ஆமை தெரிய வேண்டும் அல்லவா? அவள் பார்க்கிறாள். ஜன்னலைப் பார்ப்பது மாதிரி, சுவரைப் பார்ப்பது மாதிரி அதையும் பார்க்கிறாள். அவர் வேலையைக் குறைத்துக்கொண்டார். மூடியைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்வதில்லை. கழுவி முடித்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். நெட்டைதான் மூடியைச் சரியாகப் போட்டுவிட்டு வருகிறார்.

ஒரு காரியம் மட்டும் அவர் யாருக்கும் தெரியாமல் செய்துவருகிறார். தினம் சாயங்காலம், மாடி வீட்டுப் பெண் போன பிறகு, மனைவி விழித்திருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வார். தொட்டிக்கு முன்னால் போய் நின்று, அவள் கண்ணெதிரேயே வெயில் பல்பை அணைப்பார். ஜன்னல் கதவையும் சாத்துவார். தப்பு செய்கிறவன்போல் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்றும் அணைத்தார். கல்மேல் இருந்த ஆமை சற்றுப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. அவள் இருண்ட தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“அணைச்சுட்டேன்மா. தப்புத்தானே? திட்டு என்னை” என்றார்.

கை போர்வைமேல் இருந்தது. அவர் கால் மணி நேரம் காத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது, தூங்கிவிட்டாள். அவர் எழுந்துபோய் வெயில் பல்பைத் திரும்பப் போட்டார்.